மேன்ஹோலுக்கு வந்த ஆரத்தி

அன்றைக்கு அந்தப் பெரிய வீட்டு வளவில் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மெய்யப்பன் அண்ணன். அந்த வீட்டின் பத்துப் பங்காளிகளில் ஒருவர். இருப்பது சென்னையில். முன்னோருக்குப் போடும் படைப்புக்காக வந்திருந்தார்.

அலமேலு ஆச்சி. அவர் மனைவி.

சோலை. வீட்டுச் சாவி இவரிடம். சொந்தக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு வாரம் இருக்கிற வீட்டில், மிச்ச நாளெல்லாம் இருப்பவர்.

ஜே.இ. மேடம். பாதாளச் சாக்கடையைப் பார்க்கிற ஜூனியர் இன்ஜினியர். சின்ன வயசு. கையில் நோட்டு.

மும்தாஜ். தெருவின் கடைசியில், ஊருணிக்கரையில் இவர் வீடு. வாசல் அறையில் தையல் மெஷின்.

நான். உங்களுக்குத் தெரிந்த ஆள்தான். பிளம்பர் கருப்பையா. அஞ்சாவது வரை படிப்பு. மும்தாஜ் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி என் வீடு.

ஏழாவதாக ஒரு அண்டா ஆரத்தித் தண்ணீர். அதையும் ஆள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்று உண்மையைச் சொன்னது முதலில் அதுதான். நான் இரண்டாவது.

இது நடந்து ஆறு வாரம் ஆகிறது. புரட்டாசியில். இத்தனை வாரம் வேறு என்னென்னவோ எழுதி ஓட்டினேன். வேலை முடியட்டும், பிறகு எழுதலாம் என்று...

விஷயம் இதுதான். மழை பெய்தால் எங்கள் தெரு மேன்ஹோல் பொங்கும். மூடி ஆடும். பிறகு உள்ளே இருப்பதெல்லாம் வெளியே. அது வழிந்து எங்கே போகும்? ஊருணிக்கு. போகிற வழியில் மும்தாஜ் வீடு. அவர் வீடு தாழ்ந்த இடம். தெருவில் பொங்குவதற்கு முன்னாலேயே அவர் பாத்ரூம் ஓட்டை வழியாக ஏறிவிடும்.

போன வருஷம் பதினோரு இஞ்ச் ஏறியது. அவர் அளந்திருக்கிறார். தையல் டேப் வைத்து அளந்து, துணியில் கோடு போடுகிற சாக்கால் பாத்ரூம் சுவரில் கோடு. மூன்று வருஷத்துக்கு மூன்று கோடு. ஒவ்வொன்றும் முந்தினதைவிட மேலே.

கல்யாண ஜாக்கெட்டுகள், பிரித்துத் தைக்க வந்த பட்டுத் துணி எல்லாம் கொடியில் தொங்கும். மெஷின் நாலு ஹாலோ பிளாக் கல் மேல் நிற்கும். கால் எட்டாமல் எப்படி மிதிப்பது? மழைக்காலம் முழுக்கத் தையல் இல்லை.

"இந்த வருசம் பதினொன்னத் தாண்டுச்சுன்னா மெஷினத் தூக்கிக்கிட்டு இளையான்குடிக்குப் போயிருவேன். அக்கா வீடு இருக்கு" என்று சொல்லியிருந்தார். சொந்த வீடு. அவர் அம்மா கொடுத்தது. அதை விட்டுவிட்டு.

ஜே.இ. மேடம் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. தெருவுக்கு ஒரு நோட்டீஸ் ஒட்டினார். மழைத் தண்ணீர் பைப்பைப் பாதாளச் சாக்கடையில் விட்டிருப்பவர்கள் ஐப்பசி பிறப்பதற்குள் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக் கனெக்‌ஷன் மூடப்படும்.

தெருவில் யாராவது வாயைத் திறந்தார்களா? "நம்ம வீட்டுல அப்படியெல்லாம் இல்லையே" — எல்லா வீட்டிலும் இதே பதில்.

எங்கள் ஊர் வீடுகளைப் பற்றி வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. வளவு என்றால் வீட்டு நடுவில் இருக்கிற திறந்த முற்றம். சுற்றி நாலு பக்கக் கூரையும் உள்ளே பார்த்துச் சரியும். அதனால் அவ்வளவு பெரிய வீட்டின் கூரைத் தண்ணீரில் பாதிக்கு மேல் வளவில்தான் விழும். கட்டினவர்களுக்கு அது தெரியும். தரைக்கு அடியில் கல் கால்வாய் வைத்தார்கள். வளவிலிருந்து தெருவோர வாய்க்காலுக்கு. அங்கிருந்து ஊருணிக்கு. ஊருணி ரொம்பும். அவ்வளவுதான் ஏற்பாடு.

மெய்யப்பன் அண்ணனும் அதைத்தான் சொன்னார்.

"எங்க வீட்டு மழைத் தண்ணி அந்தக் காலத்துலேருந்து ஊருணிக்குத்தாம்மா போகுது. எங்க ஐயா கட்டுன வீடு. வேற எங்குட்டும் போகாது."

"டெஸ்ட் பண்ணிப் பாத்திரலாம் சார்" என்றார் மேடம். "கலர் பவுடர் மதுரையிலிருந்து வரணும். ரெண்டு நாள் ஆகும்."

அலமேலு ஆச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கலருக்கு மதுரைக்கா போவீக? மஞ்சளும் சுண்ணாம்பும் வீட்டுல இல்லையா?"

மஞ்சள் தண்ணீர் மட்டும் போதாது, சாக்கடையில் தெரியாது என்று அவரே சொன்னார். சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பு. ஆரத்தித் தட்டில் பார்க்கிற சிவப்பு. படைப்புக்கு வாங்கி வைத்திருந்த மஞ்சள் தூள் முழுக்க அண்டாவில் விழுந்தது. சுண்ணாம்பு தாராளமாக. சோலை துடுப்பு வைத்துக் கலக்கினார்.

"ஆலம் சுத்தாம ஊத்துறோமே ஆச்சி" என்றார் சோலை.

"மேன்ஹோலுக்கா சுத்துவே? ஊத்துடா."

சோலையும் ஆச்சியும் வளவில் நின்றுகொண்டார்கள். மற்ற நாலு பேரும் தெருக்கோடிக்குப் போனோம். மும்தாஜ் வீட்டு எதிரே மேன்ஹோல் மூடியைக் கடப்பாரை போட்டு நெம்பினேன். வெயில் நாள். உள்ளே கொஞ்சம் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. மேடம் போனில் "ஊத்துங்க" என்றார்.

எவ்வளவு நேரத்தில் வரும் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டுப் பைப்பின் வாட்டம், அந்தச் சரிவு, நான் வைத்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வந்தது. முதலில் ஒரு கோடு மாதிரி. பிறகு அகலமாக. சிவப்பு. நல்ல சிவப்பு.

மெய்யப்பன் அண்ணன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். "இது... வேற யாரு வீட்டு ஆரத்தியாவது இருக்கும்."

மும்தாஜ் விடவில்லை. "புரட்டாசியில நம்ம தெருவுல யாருண்ணே கல்யாணம் வச்சிருக்கா?"

மேடம் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணனுக்கு முகம் ஆரத்தி நிறம்.

"அப்ப இத யாரு சேத்தது? எங்களக் கேக்காம எவன் செஞ்சான்?"

தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனது. போய் முடியட்டும் என்று இருந்தேன்.

"நான்தாண்ணே."

மேடம் நோட்டைத் திறந்தார்.

மும்தாஜ் என்னைப் பார்த்தார். "ஒவ்வொரு மழைக்கும் அடைப்பு எடுக்க வருவீகளே அண்ணே..."

அதற்கு மேல் எதற்கு?

வருவேன். மூன்று வருஷமாக வந்தேன். மூங்கில் பத்தை விட்டுக் குத்துவேன். வாளியில் அள்ளிக் கொட்டுவேன். அவர் டீ கொடுப்பார். குடிப்பேன். அடைப்பே கிடையாது. முதல் வருஷம் எனக்குத் தெரியாது. இரண்டாவது வருஷம் சந்தேகம். மூன்றாவது வருஷம் தெரியும்.

"எத்தன வீடு?" என்று கேட்டார் மேடம்.

"பதினாலு."

எழுதிக்கொண்டார்.

ஏன் செய்தேன்? அதையும் சொல்லவேண்டும்.

ஒன்பது வருஷம் முன்பு அதே வீட்டில் ஒரு கல்யாணம். ஐப்பசி. வருஷமெல்லாம் பூட்டிக் கிடந்த வீடு. கல் கால்வாயில் மண்ணும் வௌவால் எச்சமும் அடைத்து இறுகிக் கிடந்தது. மழை பிடித்துக்கொண்டது. வளவில் முழங்கால் தண்ணீர். மறுநாள் காலை முகூர்த்தம். கால்வாயைத் தோண்டிச் சுத்தம் செய்ய நாலு நாள் ஆகும். என் கையில் இருந்தது அரை நாள். புதுப் பாதாளச் சாக்கடைக்கான சேம்பர் தொட்டி பத்தடியில் இருந்தது. ஒரு பைப், இரண்டு எல்போ. தண்ணீர் மடமடவென்று இறங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள், மெய்யப்பன் அண்ணனும். பந்தியில் எனக்கு முதல் இலை.

அந்தப் பந்தியில் இருந்தவர்கள் எல்லாரும் பூட்டிய வீட்டுக்காரர்கள்தானே? "நம்ம வீட்டுக்கும் அப்படிச் செஞ்சு விட்ரு கருப்பையா" என்றார்கள். கல்யாணத்துக்குக் கல்யாணம் ஒரு வீடு. பூட்டிய வீட்டைத் திறப்பதே கல்யாணத்துக்குத்தான். திறந்தால் வளவு பளிச்சென்று இருக்கவேண்டும். மழை எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

தெருவுக்கு அடியில் ஓடுகிற சாக்கடைப் பைப் எதற்குப் போட்டது? குளிக்கிற தண்ணீருக்கு. கழுவுகிற தண்ணீருக்கு. கக்கூசுக்கு. ஒரு வீட்டுக்கு நாளைக்குப் பத்து வாளி, இருபது வாளி. வளவு மழைக்கு வாளிக் கணக்கு உண்டா? பதினாலு வளவும் ஒரே நேரத்தில் ஒரே பைப்பில் இறங்கினால், தெருக்கோடியில் பம்பிங் மோட்டார் என்ன செய்யும்? அதற்கும் ஒரு அளவுதான். மிச்சம் திரும்பி மேலே வரும்.

வந்ததை நினைத்துப் பாருங்கள். ஊருணிக்குப் போகவேண்டிய மழை சாக்கடைக்குள். சாக்கடைக்குள் இருக்கவேண்டியது ஊருணியில். இரண்டையும் இடம் மாற்றி வைத்தது நான். ஒரு பைப், இரண்டு எல்போ.

சரி, பிரிக்கவேண்டும். அதுதானே? அங்கேதான் எங்கள் ஊர் வழக்கம் குறுக்கே வந்தது.

"தரையத் தோண்டணும்னா பங்காளி பத்துப் பேரையும் கேக்கணும்" என்றார் மெய்யப்பன் அண்ணன். "பொது வீடு. ஒரு கல்லு நகத்துனாலும் எல்லாரும் சம்மதிக்கணும். ரெண்டு பேரு மலேசியா. ஒருத்தரு சிங்கப்பூரு. ஒருத்தரு யாரு கூடயும் பேசுறதில்ல."

"எவ்வளவு நாள் ஆகும் சார்?"

"தை மாசம் எல்லாரும் வருவாக..."

தை! மழையெல்லாம் முடிந்து, மும்தாஜ் இளையான்குடியில் இருப்பார்.

வளவுக்குத் திரும்பி வந்ததும் ஆச்சியிடம் விஷயம் போனது. அவர் அண்டாவைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை.

"சேக்கும்போது எந்தப் பங்காளியக் கேட்டீக?"

அண்ணன் முழித்தார். "அது... அவசரம்."

"அப்ப நம்ம வளவுல தண்ணி நின்டுச்சு. அவசரம். இப்ப அந்தப் பொண்ணு வீட்டுல நிக்கிது. இது மட்டும் தை மாசமா?"

"ஊர் வழக்கம்னு ஒன்னு இருக்குல்ல?"

"இருக்கட்டும். போனப் போடுங்க. சிங்கப்பூரு அண்ணனுக்கு மொதல்ல. அந்தப் பேசாதவருக்கு நான் பேசுறேன்."

சாயங்காலத்துக்குள் ஒன்பது பேர் சரி சொன்னார்கள். பத்தாவது ஆள், அதுதான் அந்தப் பேசாதவர், ஆச்சியிடம் நாற்பது நிமிஷம் பேசினார். பைப்பைப் பற்றி ஒரு நிமிஷம். மிச்சம் பழைய வருத்தம். கடைசியில், "கல்லு உடையாம எடுக்கச் சொல்லு ஆச்சி" என்றாராம். அவ்வளவுதான்.

சேர்ப்பதற்கு ஒரு ஆள், அரை நாள். பிரிப்பதற்கு மூன்று நாட்டுக்குப் போன். நம்மில் பல காரியம் இப்படித்தான் இருக்கிறது, இல்லையா?

மறுநாள் காலை கல்லைப் பெயர்த்தேன். ஒவ்வொரு பாவு கல்லுக்கும் சாக்கால் நம்பர் போட்டேன். மும்தாஜ் கொடுத்த சாக். அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. சாக் மட்டும் நீட்டினார்.

இருபத்தொரு கல். இருபது உடையாமல் வந்தது. ஒன்றில் மூலை தெறித்தது. மெய்யப்பன் அண்ணன் பார்த்தார். தெறித்த பக்கத்தைச் சுவரோரம் திருப்பி வைக்கச் சொன்னார்.

கால்வாய் அப்படியே இருந்தது. இரண்டு ஆள் உயரத்துக்கு நீளமான கற்கள். வாட்டம் அருமை. மட்டம் பார்க்க லெவல் பைப்பும் இல்லாத காலத்தில் யாரோ வைத்த வாட்டம்... நான் வைத்ததைவிடச் சுத்தம். மண்ணை அள்ளிக்கொண்டே போனேன். தெருவை ஒட்டின இடத்தில் கடப்பாரை டங்கென்றது. சிமெண்ட்.

எலியும் பாம்பும் வராமல் இருக்க அன்றைக்கு நான் பூசி அடைத்தது.

ஆச்சி டார்ச் அடித்துப் பார்த்தார். சிமெண்டில் பூச்சுக் கரண்டி முனையால் ஏதோ கீறியிருந்தது.

"இதென்ன கருப்பையா? 'க'ன்னு போட்டுருக்கு?"

"என் பேரு ஆச்சி."

நல்ல வேலை செய்தால் ஈர சிமெண்டில் பெயரின் முதல் எழுத்தைக் கீறிவைப்பது என் பழக்கம். அன்றைக்கு நல்ல வேலை என்றுதான் நினைத்திருக்கிறேன்.

பின்னால் நின்ற மேடம் சொன்னார்: "இனிமே வீட்டுக் கனெக்‌ஷன் கொடுக்கிற பிளம்பர் யாரா இருந்தாலும் பாரத்துல கையெழுத்துப் போடணும்ணே. மழைத் தண்ணி இதுல சேரலன்னு. புது ரூல்."

"போடலாம் மேடம்" என்றேன். "நான் முன்னாடியே போட்டுட்டேன்."

உடைத்தேன். சம்மட்டி நாலு போடு. 'க' இரண்டாகப் பிளந்தது. பழைய எல்போவைக் கழற்றி, சாக்கடைப் பக்கம் எண்ட் கேப் போட்டு, பசை தடவி மூடினேன். ஒரு குடம் தண்ணீரை வளவில் கவிழ்த்தார் சோலை. தெருவோர வாய்க்காலில் சலசலவென்று வந்தது. அந்த வாய்க்கால் இப்போது காலிதான். அழுக்குத் தண்ணீர் எல்லாம் பாதாளத்துக்குப் போய்விட்டதே. நேரே ஊருணி.

அதற்குப் பிறகு மற்ற வீடுகள். பெரிய வீடே தோண்டிவிட்டது என்றதும் மற்றவர்களுக்குச் சங்கடம். சில வீட்டில் சோலையே சாவி வாங்கித் தந்தார். ஒரு வீட்டுச் சாவி அமராவதிபுதூரில் இருந்தது. இன்னொன்றின் சாவி கோலாலம்பூரிலிருந்து கூரியரில் வந்தது. நாளுக்கு ஒரு வீடு என்று கணக்கு. சில வீடு மூன்று நாள் இழுத்தது. கூலி பேசவில்லை. பேசுகிற இடத்தில் நான் இல்லை.

ஆறு வீடு முடிந்திருந்தபோது முதல் மழை. மதியம் இரண்டு மணிக்குப் பிடித்து ஒரு மணி நேரம். நான் ஏழாவது வீட்டுக் குழிக்குள் நின்றேன். போன் வந்தது. மும்தாஜ்.

"அஞ்சு" என்றார். வைத்துவிட்டார்.

பதினொன்று அஞ்சாகிவிட்டது. ஆனால் அஞ்சு இஞ்ச் சாக்கடையும் சாக்கடைதான். வீட்டுக்குள் நிற்பவருக்குத்தான் தெரியும்.

பத்தாவது வீடு. அடுத்த மழை. "ரெண்டரை."

பதினாலாவது வீட்டில் எண்ட் கேப் போட்டது போன திங்கட்கிழமை. புதன்கிழமை நல்ல மழை. ஊருணிக்கரையில் போய் நின்றேன். வாய்க்கால் வழியாகச் செங்காவித் தண்ணீர் திமுதிமுவென்று இறங்கியது. மண் வாசனை. வேறு வாசனை இல்லை. மேன்ஹோல் மூடி ஆடவில்லை. ஜே.இ. மேடம் குடையைப் பிடித்துக்கொண்டு மூடி மேலேயே ஏறி நின்றார். நின்று காட்டினார் என்று சொல்லவேண்டும்.

மும்தாஜ் வாசலில் வந்து நின்றார். கையில் டேப்.

"அரை இஞ்ச்."

"அரையா?"

"ஓட்டையில எட்டிப் பாத்துட்டுப் போயிருச்சு." பிறகு, ஆறு வாரத்தில் முதல் தடவையாக: "டீ குடிக்கிறீகளா அண்ணே?"

குடித்தேன். உள்ளே மெஷின் ஹாலோ பிளாக்கிலிருந்து இறங்கியிருந்தது. இளையான்குடிப் பேச்சு இல்லை. நானும் எடுக்கவில்லை.

"எல்லா வீடும் முடிஞ்சிருச்சே, அப்புறம் எப்படி இந்த அரை இஞ்ச்?" என்று மேடம் நோட்டைப் புரட்டினார். "மூடி ஓட்டை வழியாக் கொஞ்சம் இறங்கும்தான். அதுக்கு அரை இஞ்ச் ஜாஸ்தி. எங்கியோ இன்னும் ஒன்னு இருக்கு."

"இருக்காது மேடம். பதினாலும் என் கையால போட்டது. பதினாலும் என் கையால எடுத்தாச்சு."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். மழை விட்டிருக்கவில்லை. என் வீட்டுக்காரி திண்ணையில் முறம் வைத்துக் காய்ந்த மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அரை இஞ்சையும் சொன்னேன்.

அவள் மிளகாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஊரு வீட்டுப் பைப்பெல்லாம் வெட்டுறீக. நம்ம மொட்ட மாடித் தண்ணி எங்குட்டுப் போகுது?"

நிமிர்ந்து பார்த்தேன். மாடியிலிருந்து பி.வி.சி. பைப் சுவரோரமாக இறங்கி, தரைக்குள் போய், சேம்பருக்குள்... உள்ளே தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டது. மடமடவென்று.

மறந்துவிட்டேன் என்று எழுதலாம். நீங்களும் நம்புவீர்கள்.

மறுநாள் காலை அறுத்தேன். பைப்பை வாசல் வாய்க்காலுக்குத் திருப்பினேன். முதல் எழுத்து எதுவும் கீறவில்லை. கைகழுவிக்கொண்டு மேடத்திடம் போய், நோட்டில் ஒரு எண்ணைத் திருத்தச் சொன்னேன்.

பதினைந்து.